டிபன் பாக்ஸ் தந்த காய்ச்சல்!

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஒரு பரிசு உண்டு. வருஷம் முழுக்க ஒரு வாரம்கூட மட்டம் போடாமல் வந்த பிள்ளையை கிறிஸ்துமஸ் விழாவில் மேடையேற்றி, பேர் வெட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்போம். இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த மேதாவி வேறு யாருமில்லை... அடியேன்தான்!

அதன் பலனை 2022 நவம்பரில் அனுபவித்தேன்.

திருநெல்வேலிப் பக்கம் அது அடைமழைக் காலம். சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் ஹாலில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. முப்பத்தைந்து பிள்ளைகள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையெல்லாம் சாத்தியாச்சு. யோசேப்பு வேஷக்காரன் மட்டும் கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"ஏன்ல, காய்ச்சலா?"

"காலையில இருந்துச்சு டீச்சர். அம்மா மாத்திரை குடுத்தாங்க. இப்ப இல்ல."

"வீட்ல படுத்திருக்கலாம்ல?"

"இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு... டிபன் பாக்ஸ் போயிருமே டீச்சர்!"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. 'என்னா ஆர்வம்!' என்று முதுகில் தட்டி மேடையேற்றினேன்.

எங்களிடம் பஞ்சுத் தாடி ஒன்றே ஒன்று. யோசேப்பு கழற்றியதை ஏரோது கட்டிக்கொண்டான். ஏரோதிடமிருந்து மேய்ப்பனுக்கு, மேய்ப்பனிடமிருந்து சாஸ்திரிகளுக்கு. மைக்கும் ஒன்றுதான். அதை ஐஸ்கிரீம் மாதிரி வாயில் ஒட்டி வைத்துத்தான் எல்லோரும் வசனம் பேசினார்கள்.

அடுத்த ஞாயிறு போனால் பெத்லகேமே காலி! பதினெட்டுப் பேர் படுக்கையில். அந்த சாஸ்திரிகள் கொண்டுவந்தது பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். எங்கள் சாஸ்திரிகள் நாலாவதாக ஒன்றை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

என் சிரிப்பு அதோடு சரி. மேய்ப்பனாக நடித்த பையனின் ஆச்சிக்கு வயசு எழுபத்திரண்டு. சர்க்கரை வேறு. பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர். அவருக்குத் தொற்றிய காய்ச்சல் நிமோனியாவில் போய் நின்றது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தார். பார்க்கப் போன என்னை டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"இது சாதாரண ஜலதோஷம் இல்ல, இன்ஃப்ளூயன்ஸா. நம்ம பக்கம் மழைக் காலத்துலதான் இது ஜாஸ்தி. நீங்க பிள்ளைகளை அடைச்சு வெச்சு ஒத்திகை பாக்கறதும் அப்பத்தான்!"

"மாத்திரை போட்டு காய்ச்சல் விட்டிருந்ததே டாக்டர்?"

"மாத்திரை உடம்புச் சூட்டைத்தான் இறக்கும், வைரஸை இல்ல. காய்ச்சல் தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாலேருந்தே அது மத்தவங்களுக்குப் பரவும். அப்புறமும் அஞ்சு, ஏழு நாள். சின்னப் பிள்ளைங்கன்னா இன்னும் கூட. மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராம இருந்தா, அப்புறம் அனுப்பலாம். அதுவரைக்கும் வீடுதான்."

"தடுப்பூசி?"

"இருக்கே! ஆறு மாசக் குழந்தையிலேருந்து போடலாம். வைரஸும் உங்க பசங்க மாதிரி வேஷம் மாத்திக்கிட்டே இருக்கும். அதனால வருஷா வருஷம் போடணும். முக்கியமா வயசானவங்க, கர்ப்பிணிங்க, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவங்க, அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைங்க."

ஆச்சி பிழைத்து வந்தார். "போட்டும் டீச்சரம்மா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த வாரமே ஞாயிறு பள்ளிச் சட்டத்தைத் திருத்தினோம். மழையோ சாரலோ, ஒத்திகையின்போது எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்கும். அவரவருக்குத் தனித் தாடி (பஞ்சு என்ன பொன்னா?). மைக் வாயில் படக்கூடாது. தும்மினால் உள்ளங்கையில் இல்லை, முழங்கை மடிப்பில். பலகாரத்துக்கு முன்னால் சோப்புப் போட்டு இருபது செகண்ட் கை கழுவ வேண்டும். கடிகாரம் வேண்டாம், ஒரு பல்லவியை இரண்டு தடவை பாடினால் போதும்! டீச்சருக்கே காய்ச்சல் என்றாலும் லீவுதான்.

இதற்கெல்லாம் மேலே தலையாய திருத்தம் ஒன்று: காய்ச்சலால் வீட்டில் இருந்தால் ஆப்சென்ட் கிடையாது. வந்ததாகவே கணக்கு!

ஒரு தாய் கோபப்பட்டார்: "சர்ச்சுக்கு வந்தா ஆண்டவர் பாத்துக்க மாட்டாரா?"

எங்கள் போதகர் பொறுமையாகச் சொன்னார்: "பாத்துக்குவாரும்மா. அதுக்காக நாமளா போய் ஒரு ஆச்சியை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணுமா? வீட்ல இருக்கறதும் பக்திதான்."

2023 டிசம்பரில் ஒரு ஞாயிறு, விடிந்தும் விடியாததுமாக போன். தேவதூதன் வேஷம் போடும் எட்டு வயசு வாண்டு. குரல் கம்மியிருந்தது.

"டீச்சர், எனக்குக் காய்ச்சல். அதனால நான் வரல. மறக்காம பிரசன்ட் போட்டுருங்க!"

போட்டேன். டிபன் பாக்ஸில் பேரும் வெட்டியாச்சு!