செவிலியரின் பணிப்பற்று

வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் கூடும் பெருந்திரளின் நடுவே மருத்துவ முகாம்கள் அமைக்கப்படுவது வழக்கம். திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ ஆண்டு முழுதும் கூட்டந்தான். இவ்விரு இடங்களிலும் ஓய்வின்றி உழைப்போர் செவிலியர்.

மருத்துவர் நோயறிந்து மருந்தை எழுதுகிறார். அதனை உரிய அளவில், உரிய வேளையில், உரியவருக்கே செலுத்துவதும், நள்ளிரவில் நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் உணர்வதும் செவிலியரே. ஆகவே இப்பணியில் பற்று என்பது கனிவு மட்டுமன்று, இடையறாத விழிப்புமாகும்.

இஸ்லாமிய வரலாறு இதனை நன்கறியும். கி.பி. 627இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். 1860இல் இலண்டனில் நைட்டிங்கேல் அம்மையார் தொடங்கிய பள்ளி இப்பணியை முறையான கல்வியாக்கிற்று.

எனினும் பற்று மட்டும் போதுமா? போதனா மருத்துவமனைகளில் மூன்று படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஆள் குறைந்தால் விழிப்பும் சிதறும். தமிழகத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்ட செவிலியர், மாதம் 7,700 ரூபாய் ஊதியத்தில் உழைத்து, 2017 நவம்பரில் பணி நிரந்தரம் வேண்டிச் சென்னையில் போராடினர். 2020இல் பெருந்தொற்று பரவியபோது நோயாளியின் அருகில் நின்றோரும் இத்தகையோரே.

வியர்வை உலருமுன் கூலி தரப் பணித்தது நம் மார்க்கம். செவிலியரிடம் பணிப்பற்றை எதிர்பார்க்கும் சமுதாயம், அவர்தம் உரிமையை வழங்குவதையும் கடனாகக் கொள்ள வேண்டும்.