விற்றமின் ஏ காவிப் புரதம்: ஆய்வுகூடமும் சமூகமும்

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயர் பெரும்பாலும் அவர்தம் அனுபவத்தின் சாரமாக அமையும். அந்திக்குப் பின் பார்வை மங்கும் நிலையைத் தமிழ் மக்கள் ‘மாலைக்கண்’ என வழங்கினர். அதற்கு ஆட்டீரலை உண்ணக் கொடுக்கும் வழக்கமும் நாட்டு மருத்துவத்தில் இருந்துவந்துள்ளது. காரணம் அறியப்படுமுன்னரே பயன் அறியப்பட்டிருந்தது. விற்றமின் ஏயின் பிரதான சேமிப்பிடம் ஈரலே என்பதை உயிரியல் பின்னர் நிறுவிற்று. ஈரலிலிருந்து அச்சத்து கண்ணை அடைவது எவ்வாறு, அதனைக் காவிச்செல்லும் புரதம் ஆய்வுகூடங்களுக்கென உற்பத்தி செய்யப்படுவது ஏன், இவை நமது சமூகத்துக்கு உணர்த்துவன யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விற்றமின் ஏயின் ஒரு வடிவமான றெற்றினோல் நீரிற் கரையாதது. குருதியோ பெரும்பாலும் நீராலானது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பது ஈரலில் உருவாகும் ஒரு புரதமாகும். 1968 இல் கனாய், ராஸ், குட்மன் ஆகியோர் இதனை மனிதக் குருதியிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தனர். ஏறத்தாழ 21,000 மூலக்கூற்று நிறையுடைய இப்புரதம் ஒரு வேளையில் ஒரேயொரு றெற்றினோல் மூலக்கூற்றையே ஏற்கும். எட்டு இழைகள் வளைந்து உருவாக்கும் பீப்பாய் போன்ற அமைப்பின் உட்குழியில் றெற்றினோல் தங்குவதை 1984 இல் வெளியான பளிங்காய்வு காட்டிற்று. சிறிய புரதமாதலின், தனித்துச் சென்றால் சிறுநீரகத்தின் வழியே வடிந்துவிடும். எனவே திரான்ஸ்தைரெற்றின் என்னும் பெரிய புரதத்துடன் இணைந்தே இது குருதியில் உலவுகின்றது. இதனை எதிர்கொள்ளும் கலமென்சவ்வின் வாங்கி 2007 இல் இனங்காணப்பட்டது.

இன்று இப்புரதத்தைப் பெறக் குருதியையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அதற்குரிய மனிதப் பரம்பரை அலகின் பிரதியைப் பற்றீரியாவினுட் புகுத்தி, அதனைக்கொண்டே புரதத்தை உற்பத்தி செய்யலாம். இதுவே மீள்சேர்க்கைப் புரதம் எனப்படுவது. ஆயின் இப்புரதத்தில் மூன்று கந்தகப் பிணைப்புகள் உள்ளன. பற்றீரியாவினுள் அவை செவ்வனே அமையாது புரதம் கட்டியாகத் திரள்வதுண்டு. அதனைக் கரைத்து, றெற்றினோல் உடனிருக்க மீண்டும் மடியச் செய்வர். இவ்வாறு பெறப்படுவது நோயாளிக்குரிய மருந்தன்று, ஆய்வுக்குரிய கருவியாகும். குருதியில் இப்புரதத்தின் அளவை மதிப்பிட ஒப்பீட்டு நியமமாகவும், வாங்கியுடன் அது பிணையும் முறையை அறியவும் அது பயன்படுகின்றது. இப்புரதம் மிகும்போது இன்சுலினின் செயல் குன்றுவதை 2005 இல் எலிகளில் நிகழ்ந்த ஆய்வொன்று காட்டியபின் இதன் தேவை பெருகிற்று. மைக்கிரோகிராம் கணக்கில் விலையிடப்படும் இப்புரதம் அறிவியலின் கருவியாயிருக்கும் அதேவேளை சந்தைப் பண்டமாகவும் உள்ளது.

இவ்விடத்தில் நாம் கவனிக்க வேண்டிய உண்மையொன்றுண்டு. காவிப் புரதமும் உணவிலுள்ள புரதத்திலிருந்தே ஆக்கப்படுகின்றது. றெற்றினோல் இல்லையெனின் அப்புரதம் ஈரலிலேயே தேங்கிவிடும். உணவிற் புரதம் இல்லையெனின் அது போதிய அளவு உருவாகாது. தொற்றுநோய்க் காலத்திலும் குருதியில் அதன் அளவு தாழும். எனவே தாழ்ந்த அளவு ஒன்றுக்கு மூன்று காரணங்கள் இருத்தல் கூடும். எண் தானாகப் பேசுவதில்லை. வாழ்நிலையோடு சேர்த்தே அதனை வாசித்தல் வேண்டும்.

இந்திய அனுபவம் இதனைத் தெளிவாக்குகின்றது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை பேரளவு விற்றமின் ஏ வழங்கும் திட்டம் அங்கு 1970 இல் தொடங்கிற்று. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகள் அதற்கு அடிப்படையாயின. 1990 இல் இரு முடிவுகள் வெளியாயின. திருச்சி மாவட்டத்தில் 15,000 இற்கு மேற்பட்ட குழந்தைகளிடையே வாரந்தோறும் சிற்றளவு வழங்கிய இலட்சுமி ரகுமத்துல்லா குழுவினர், இறப்பு 54 சதவீதம் குறைந்ததாகக் கண்டனர். பேரளவு வழங்கிய ஐதராபாத் ஆய்வோ இறப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தைகளை உள்ளடக்கி 2013 இல் வெளியான ஆய்விலும் பயன் மிகச் சிறிதாகவே தென்பட்டது. ஐதராபாத் நிறுவனத்தின் பணிப்பாளராக விளங்கிய, சேலத்திற் பிறந்த சி. கோபாலன், பிற்காலத்தில் பேரளவு மருந்தை எங்கும் விரிப்பதை எதிர்த்து, உணவே தீர்வு என வாதிட்டார். மருந்து பயனற்றது என்பது இதன் பொருளன்று. பார்வையிழப்பின் விளிம்பில் நிற்கும் குழந்தைக்கு அது உடனடித் தேவை. ஆயின் வறுமையால் நேர்ந்த குறையை மருந்தின் குறையாக மட்டும் காண்பது விளைவைக் காரணமாகக் கொள்வதாகும்.

திருக்கோவில், தம்பிலுவில் தொட்டு அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை வரையான நமது கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் நெல்லையும் மீனையும் உழைப்பால் ஈட்டுகின்றனர். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் பப்பாசியும் இம்மண்ணில் விளைவன. அவற்றிலுள்ள கரோற்றீன் உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்துக் கீரை சமைக்கும் நம் பெண்களின் கைப்பழக்கம் அத்தேவையை நிறைவு செய்கின்றது. ஆயின் 2022 இல் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. அத்தகைய காலத்தில் ஏழைக் குடும்பத்தின் கலத்திலிருந்து முதலில் நீங்குவன மீனும் முட்டையும் பருப்புமே. ஈரல் காவிப் புரதத்தை ஆக்குவதற்கு வேண்டிய மூலப்பொருள் அவற்றிலேயே உள்ளது.

ஆய்வுகூடம் ஒரு மூலக்கூற்றை உருவாக்கி, அதன் அளவை நுட்பமாக அறிய வழிசெய்துள்ளது. அவ்வளவு குறைந்த குழந்தையின் கலத்தில் மீனும் பருப்பும் கீரையும் நாள்தோறும் இடம்பெறச் செய்வது கூலியையும் விலையையும் பங்கீட்டையும் பொறுத்த வினாவாகும். முதலாவதற்கு உயிரியலறிஞர் விடைகண்டுள்ளனர். இரண்டாவதற்கு விடைகாணும் பொறுப்பு சமூகத்தினுடையது.