மகப்பேற்று உரிமையும் நாள் கணக்கும்: தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தை முன்வைத்து

தாம்பரத்தில் 1984ஆம் ஆண்டு தோன்றிய ஏற்றுமதி மண்டலத்தில் (மெப்ஸ்) பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். முதலிரு குழந்தைகளுக்கான மகப்பேற்று விடுப்பு 2017ஆம் ஆண்டு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. எனினும், அதனை அடைவதைத் தகுதி விதிகளே தீர்மானிக்கின்றன.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடரும் விதி, பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் ஒரே முதலாளியிடம் 80 நாள் பணியைக் கோருகிறது. தொகையையும் அவரே வழங்க வேண்டும். மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோருக்கான தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமோ (இ.எஸ்.ஐ.), அடுத்தடுத்த இரு ஆறுமாதக் காலங்களில் 70 நாள்களுக்கான பங்களிப்பையே கேட்கிறது. நிறுவனம் மாறினும் காப்பீட்டு எண் மாறுவதில்லை. தொகையைக் கழகம் வழங்குகிறது. எனவே, அடிக்கடி நிறுவனம் மாறும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பின்னதே காப்பாகிறது.

பதிவேட்டில் ஏறாத பணிநாள்களை இரு முறைகளிலும் மெய்ப்பித்தல் அரிது. ஆதலால், மகப்பேற்று நல ஆய்வுகள் விடுப்பின் நீளத்தோடு பணிப்பதிவின் தொடர்ச்சியையும் அளவிடுதல் வேண்டும்.