வரியா, தணிக்கையா? கணக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு

கடையநல்லூரில் கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுத் தருபவரும் ஆடிட்டர்தான், வருமான வரி நோட்டீஸுக்குப் பதில் எழுதுபவரும் ஆடிட்டர்தான். நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைச் சோதித்துக் கையெழுத்திடுபவருக்கும் அதே பெயர்தான். பிளஸ் டூ முடிந்ததும் "மகனை ஆடிட்டருக்குப் படிக்க வைக்கலாமா?" என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் பலர். எந்த ஆடிட்டர் என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. வரி வேலையும் தணிக்கை வேலையும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அவை இரண்டு வேறு வாழ்க்கைகளாகி விடுகின்றன.

வக்கீலும் சாட்சியும்

ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். எந்தத் துணிக்கு எத்தனை சதவீத வரி, கொள்முதலில் கட்டிய வரியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம், அதிகாரி கேட்ட விளக்கத்துக்கு என்ன பதில் என்பதெல்லாம் வரி ஆலோசகரின் வேலை. அவர் வக்கீலைப் போலக் கடைக்காரரின் பக்கம் நிற்பவர்.

தணிக்கையாளர் சாட்சியைப் போன்றவர். ஏட்டில் உள்ள சரக்கு குடோனில் இருக்கிறதா, வங்கி இருப்பு வங்கியின் கணக்கோடு ஒத்துப்போகிறதா, பாக்கிதாரர் அந்தக் கடனை ஒப்புக்கொள்கிறாரா என்று பார்த்துச் சொல்பவர். கட்டணம் தருவது நிறுவனம். ஆனால் அவருடைய சொல்லை நம்பி முடிவெடுப்பவர்கள் பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும். அதனால்தான், தணிக்கை செய்யும் நிறுவனத்துக்கே கணக்கு எழுதித் தரக் கூடாது என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் தடுக்கிறது.

சாட்சி தவறினால் என்ன ஆகும் என்பதை 2009 ஜனவரியில் நாடு பார்த்தது. சத்யம் நிறுவனத்தின் ஏட்டில் இருந்த பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உண்மையில் இல்லை என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்குகள் தணிக்கையாளர்களின் கையெழுத்தோடு வெளிவந்தவை.

நீண்ட காலத்தில்

கம்பெனித் தணிக்கையில் கையெழுத்திடும் உரிமை சி.ஏ. முடித்துத் தொழில் செய்பவருக்கு மட்டுமே உண்டு. தேர்வைப் பாதியில் விட்டவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் உதவியாளராகவே நிற்க நேரிடும். முடித்தவருக்கோ வழி அகலமானது. பல தொழில்களின் உள்விவகாரம் தெரிந்துவிடுவதால் உள்தணிக்கை, நிதி மேலாளர், தலைமை நிதி அதிகாரி என்று மாறிச் செல்லலாம். ஆனால் தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் பயணங்களிலுமே கழியும்.

வரித் துறையில் வழி குறுகியது, ஆனால் ஆழமானது. வயது கூடக் கூட மதிப்பும் கூடும். சட்டம் மாறும்போதெல்லாம் வேலை பெருகும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று ஆனது. சி.ஏ. முடிக்காத பி.காம். பட்டதாரியும் உரிய தேர்வெழுதி ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஆகலாம். சொந்த ஊரிலேயே அலுவலகம் வைத்துக் குடும்பத்தோடு வாழலாம். அதற்கு விலையும் உண்டு. மாதந்தோறும் ரிட்டர்ன் தேதிகள் துரத்தும்.

வளைகுடா மாறிவிட்டது

நம் ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு வளைகுடாவில் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தால் போதும் என்று நம்மவர்கள் அங்கே அக்கவுண்டன்டாகப் போன காலம் இருந்தது. 2018 ஜனவரி 1 முதல் அமீரகமும் சவூதியும் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி விதித்தன. சவூதி 2020 ஜூலையில் அதை 15 சதவீதமாக்கியது. பஹ்ரைன் 2019இலும் ஓமன் 2021இலும் இந்த வரியைக் கொண்டுவந்தன. அமீரகத்தில் 2023 ஜூன் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, 3,75,000 திர்ஹமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரியும் உண்டு. வரி தெரியாத அக்கவுண்டன்டுக்கு இனி அங்கே இடம் சுருங்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இங்கே பத்தாண்டு கற்ற இந்திய வரி அறிவு துபாயில் பெரிதாக உதவாது. அங்கே மீண்டும் படிக்க வேண்டும். தணிக்கைத் தரங்களோ பெரும்பாலும் உலகப் பொதுவானவை. ஆகவே ஊரில் வேரூன்ற நினைப்பவருக்கு வரியும், கடல் கடக்க நினைப்பவருக்குத் தணிக்கையும் கூடுதலாகக் கைகொடுக்கும்.

மார்க்கம் சொல்வது

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதையும், எழுதுபவர் நீதியோடு எழுதுவதையும், சாட்சிகளையும் பற்றியது. கருவூலப் பொறுப்பைக் கேட்ட யூசுஃப் (அலை) அவர்கள் தம்மிடம் இருப்பதாகச் சொன்ன தகுதிகள் பேணிக் காப்பதும் அறிவும். ஸகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று ஒதுக்கியபோது நபி (ஸல்) அவர்கள் கணக்குக் கேட்டுக் கண்டித்ததை புகாரியில் காண்கிறோம்.

ஆகவே சட்டம் தரும் சலுகையைப் பெற்றுத் தருவது வரி ஆலோசகரின் கடமை. போலி பில் தயாரித்துத் தருவது மோசடி. கண்ணால் பார்க்காத சரக்குக்குத் தணிக்கையாளர் கையெழுத்திடுவது பொய்ச்சாட்சி.

வட்டிக் கணக்கைப் பற்றியும் இளைஞர்கள் கேட்கிறார்கள். வட்டியை எழுதுபவர் குறித்த நபிமொழியின் எச்சரிக்கை கடுமையானது. வட்டிக்கடனை ஏற்பாடு செய்து எழுதுவதும், நடந்து முடிந்த கணக்கைச் சரிபார்ப்பதும் ஒன்றா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொதுவாகக் கேட்காமல், தாம் செய்யும் வேலை இன்னது என்று விவரமாகச் சொல்லி ஆலிம்களிடம் விளக்கம் பெறுவதே சரி.

எப்போது முடிவெடுப்பது?

பதினேழு வயதில் இதை முடிவு செய்ய வேண்டியதில்லை. பிளஸ் டூவுக்குப் பின் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்பது சி.ஏ. வழி. வணிகவியலில் 55 சதவீதமோ, பிற பாடங்களில் 60 சதவீதமோ பெற்ற பட்டதாரிகள் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். கலைப்பிரிவு படித்தவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. இடையில் வரும் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப்தான் உண்மையான உரைகல். அந்தக் காலத்தில் வரி, தணிக்கை இரண்டிலும் வேலை கேட்டு வாங்க வேண்டும். சட்டப் பிரிவுகளைப் படித்து வாதிடுவதில் மனம் லயித்தால் வரி. கேள்வி கேட்பதிலும், பிடிக்காத பதிலைத் துணிந்து எழுதுவதிலும் தயக்கம் இல்லையென்றால் தணிக்கை.

நம் ஜமாஅத்களுக்கும் இவர்கள் தேவை. முத்தவல்லிகள் ஆண்டுக் கணக்கு ஒப்படைக்கவும் அது தணிக்கை செய்யப்படவும் 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம் வகை செய்கிறது. கடை வைத்திருப்பவர்கள் சரக்கையும் பாக்கியையும் கூட்டி ஸகாத் கணக்கிடத் திணறுகிறார்கள். இதற்கெல்லாம் கணக்கும் மார்க்கமும் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், நாளை மறுமையில் நம் கணக்கும் தணிக்கைக்கு வரும் என்ற நினைவோடு எழுதும் பேனாவை அல்லாஹ் அவர்களுக்குத் தருவானாக. ஆமீன்.