ஓட்ட நேர வழுவும் அதனைக் கையாளும் முறையும்

செய்நிரலில் ஏற்படும் வழுக்கள் மூவகைப்படும்.

1. தொடரியல் வழு – மொழியின் இலக்கண விதி மீறப்படுவதால் ஏற்படும்.
2. ஓட்ட நேர வழு – இயங்கும்போது, செய்ய முடியாத செயலொன்று குறுக்கிடுவதால் ஏற்படும். செய்நிரல் இடைநடுவில் நிற்கும்.
3. தர்க்க வழு – செய்நிரல் தடையின்றி இயங்கும், விடை பிழையாகும்.

எக்செல் விரிதாளின் மாக்ரோ என்பது விசுவல் பேசிக் மொழியில் அமைந்த செய்நிரலாகும். அதில் ஓட்ட நேர வழு ஏற்படின் இலக்கத்துடன் கூடிய செய்தி தோன்றும்.

உ-ம்: வழு 11 – பூச்சியத்தால் வகுத்தல்
வழு 13 – தரவு வகை பொருந்தாமை

உதாரணம்

| நிரை | கணிதம் | விஞ்ஞானம் | தமிழ் | சராசரி |
|---|---|---|---|---|
| 2 | 60 | 70 | 80 | 70 |
| 3 | 50 | வரவில்லை | 40 | ? |

மாக்ரோவானது ஒவ்வொரு நிரையிலும் மூன்று புள்ளிகளையும் கூட்டி, 3 ஆல் வகுத்து, விடையை ஒரு மாறியில் இடுகின்றது. பின் அம்மாறியின் பெறுமானத்தைச் சராசரி நிரலில் எழுதுகின்றது. நிரை 3 இல் உள்ள "வரவில்லை" என்பது எழுத்துத் தரவு. அதனை எண்ணுடன் கூட்ட முடியாது. எனவே வழு 13 தோன்றி மாக்ரோ நின்றுவிடும்.

பொருத்தமற்ற தீர்வு

மாக்ரோவின் தொடக்கத்தில் "ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ற்" எனும் கூற்றை இடுதல். இக்கூற்று, வழு ஏற்பட்ட வரியை விட்டு அடுத்த வரிக்குச் செல்லுமாறு பணிக்கும். செய்தி தோன்றாது. ஆனால் கணித்தல் நடைபெறாததால் மாறியில் முன்னைய மாணவரின் 70 அப்படியே இருக்கும்; நிரை 3 இலும் அதுவே எழுதப்படும். ஒரு பாடத்திற்குத் தோற்றாத மாணவருக்கு இன்னொருவரின் சராசரி கிடைத்துவிடும். அதாவது, ஓட்ட நேர வழு தர்க்க வழுவாக மாறிவிட்டது.

பொருத்தமான தீர்வு

1. மூன்று கலங்களிலும் எண்கள் உள்ளனவா எனச் சோதிக்க.
2. ஆம் எனின், சராசரியைக் கணித்து எழுதுக.
3. இல்லை எனின், "பூரணமில்லை" என எழுதுக.
4. அடுத்த நிரைக்குச் செல்க.

சோதிப்பதற்கு "இஸ்நியூமெரிக்" எனும் சார்பு பயன்படும். எனினும் இச்சார்பு வெறுமையான கலத்தையும் எண்ணாகவே ஏற்கும். ஆகவே கலம் வெறுமையானதா என்பதை "இஸ்எம்ப்டி" சார்பினாலும் சோதித்தல் வேண்டும்.

மாதிரி வினா

வழுச்செய்தி தோன்றாமை, செய்நிரல் சரியானது என்பதற்குப் போதிய சான்றாகுமா?

விடை: ஆகாது. தர்க்க வழுவுக்குச் செய்தி தோன்றுவதில்லை. வெறுமையான கலம், எழுத்துத் தரவு என்பனவும் அடங்கிய சோதனைத் தரவுகளை வழங்கி, கிடைக்கும் விடைகளைக் கையால் கணித்த விடைகளுடன் ஒப்பிடல் வேண்டும்.