புகைக்கும் கைரேகை உண்டு

ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, காலாவதியான மருந்து. மருத்துவமனைகளின் மஞ்சள் பைகளில் சேரும் இவற்றைக் கொளுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். தீரவில்லை. குப்பை புகையாக மாறி ஊருக்குள்ளேயே சுற்றியது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உருவாகும்.

இதற்கு மாற்று வழி தேடியவர்களில் காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் உண்டு. 1986இல் உருவான இந்த நிறுவனத்தின் முக்கிய வேலை அணுக்கரு இணைவு ஆராய்ச்சி. ஆனால் பிளாஸ்மாவைத் தொழில்துறைக்குக் கொண்டுபோக 1997இல் தனி மையமே தொடங்கியது. பிளாஸ்மா பைராலிசிஸ் உலை அங்கு வளர்ந்த தொழில்நுட்பம். ஆக்ஸிஜன் குறைந்த அறையில், மின்வில்லின் கடும் வெப்பத்தில் கழிவு எரிவதில்லை; சிதைகிறது. கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன், மீத்தேன் போன்ற வாயுக்கள் வெளிப்பட, அவை அடுத்த அறையில் காற்றோடு எரிக்கப்படுகின்றன.

சரி, புகைபோக்கியில் வருவது என்ன? இதைச் சொல்லக்கூடியது அகச்சிவப்பு நிறமாலைமானி. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த, கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் இதன் ஆயுதம். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில் அதிர்ந்து கதிரை விழுங்குகிறது. அலையெண் 2143 அருகே என்றால் கார்பன் மோனாக்ஸைடு. 2349 என்றால் கார்பன் டையாக்ஸைடு. கருவிக்குள் நகரும் கண்ணாடி ஒன்று எல்லா அலைநீளங்களையும் ஒரே வீச்சில் பதிவு செய்ய, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டுகிறது.

கருவிக்கும் எல்லை உண்டு. ஹைட்ரஜன் இதன் கண்ணில் படாது. அதற்கு 1928இல் சி.வி.ராமன் கண்டுபிடித்த விளைவு கைகொடுக்கும். டையாக்ஸினும் சிக்காது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் அனுமதிப்பது ஒரு கன மீட்டர் புகையில் வெறும் 0.1 நானோகிராம். அதை அளக்க மாதிரி எடுத்து வேறு சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். விதிப்படி ஆண்டுக்கு ஒரு முறை.

மீதி 364 நாட்கள்? அப்போதுதான் அகச்சிவப்புக் கருவியின் அருமை தெரியும். கார்பன் மோனாக்ஸைடு திடீரென ஏறினால் எரிப்பில் குறை. ஹைட்ரஜன் குளோரைடு தலைகாட்டினால் உள்ளே போகக்கூடாத பிளாஸ்டிக் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். நஞ்சைக் காட்டாவிட்டாலும் நஞ்சு பிறக்கும் சூழலைக் காட்டிக்கொடுத்துவிடும். உலையை நிறுத்திச் சரிசெய்ய அந்த எச்சரிக்கை போதும்.