சிரிக்கும் ஆந்தையும் சேணமுதுகுப் பறவையும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஓரினம் அழிவதற்கு அதன் வாழ்முறை மட்டுமே காரணமாகுமா? இவ்வினாவிற்கு நியூசிலாந்தின் இரு பறவைகளை ஒப்பிட்டு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது. ஒன்று, அற்றுப்போன சிரிக்கும் ஆந்தை. மற்றொன்று, இன்றும் வாழும் தென்தீவுச் சேணமுதுகுப் பறவை.

வேற்றுமையும் ஒற்றுமையும்

சிரிக்கும் ஆந்தை இரவில் இரைதேடிய ஊனுண்ணி. ஏறத்தாழ 600 கிராம் எடையுடையது. அதன் விந்தையான குரலே பெயர்க்காரணம். சேணமுதுகுப் பறவையோ பகலில் பூச்சிகளையும் கனிகளையும் உண்ணும் பாடும் பறவை. எடை ஏறத்தாழ 80 கிராம். கரிய உடலின் முதுகில் சேணம் இட்டாற்போன்ற செம்பழுப்பு நிறம் இதன் அடையாளம்.

இத்துணை வேறுபட்ட இவ்விரண்டிற்கும் பொதுவானதொரு குறை உண்டு. வௌவால்களைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டிகள் இல்லாத நாட்டில் இவை தோன்றி வளர்ந்தன. ஆந்தை பாறை இடுக்குகளில் தரையிலேயே முட்டையிட்டது. சேணமுதுகுப் பறவை தாழ்வான பொந்துகளில் கூடமைக்கின்றது. நெடுந்தொலைவு பறக்கும் ஆற்றலும் அதற்கில்லை. எனவே, மனிதர் கொணர்ந்த எலி, பூனை ஆகியவற்றிற்கும், முயல்களை ஒடுக்க 1880களில் விடப்பட்ட ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணிக்கும் இரண்டுமே எளிய இரையாயின.

இருவேறு முடிவுகள்

1914ஆம் ஆண்டு கேண்டர்பரிப் பகுதியில் இறந்து கிடந்த ஆந்தையே அவ்வினத்தின் உறுதியான இறுதிச் சான்றாகும். 1880களிலேயே இவ்வாந்தைகள் கூண்டில் வளர்க்கப்பட்டு முட்டையும் இட்டுள்ளன என்பது கருதத்தக்கது. எனினும், அவற்றைக் காக்கும் திட்டம் எதுவும் உருவாகவில்லை.

சேணமுதுகுப் பறவையும் பெருநிலத்தில் மறைந்து, ஸ்டூவர்ட் தீவையடுத்த சிறு தீவுகளில் மட்டும் எஞ்சியது. 1960களின் தொடக்கத்தில் அங்கும் கப்பல் எலிகள் நுழைந்தன. 1964இல் வனவிலங்குத் துறையினர் 36 பறவைகளைப் பிடித்து, எலிகளற்ற அண்டைத் தீவுகளுக்கு மாற்றினர். இன்றுள்ள தென்தீவுச் சேணமுதுகுப் பறவைகள் யாவும் அந்த 36இன் வழித்தோன்றல்களே. அதே எலிகளால் அத்தீவின் உள்ளான் வகை ஒன்றும் புதர் ரென் பறவையும் அழிந்தன. அவற்றைக் காக்கும் முயற்சி பலிக்கவில்லை.

முடிவுரை

இரு பறவைகளின் குறையும் ஒன்றே. பகையும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றிற்குப் பகையற்ற தீவும் உரிய காலத்தில் மனித முயற்சியும் வாய்த்தன. மற்றொன்றிற்கு அவை வாய்க்கவில்லை. ஆகவே, வாழ்முறை ஓரினத்தை அழிவின் விளிம்பிற்குக் கொண்டுசெல்லலாம். அங்கிருந்து மீள்வதோ பெரிதும் புகலிடத்தையும் காலத்தாற் செய்யப்படும் உதவியையும் பொறுத்தது எனலாம்.